இலங்கைத்துறைக் கரையில் ஆளில்லாத படம்

புதிதாக மிரர்லெஸ் கமரா வாங்கிய கையோடு என்னைத் தேடி வருகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலைப் படமெடுக்கும்போது எத்தனை செக்கன் திறந்து வைக்க வேண்டும், எந்தக் கறுப்புக் கண்ணாடி வாங்க வேண்டும் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதை உங்கள் கையில் இருக்கிற போனே சொல்லும், என்னைவிட நன்றாகவே சொல்லும். நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கிறவள். படம் எடுத்து முடிந்த பிறகு அந்தப் படம் ஊருக்குள் இறங்கி என்னென்ன வேலை பார்க்கிறது என்பதுதான் எனக்குக் கொஞ்சம் தெரிந்த விஷயம். அதில் ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் படத்தை எடுத்தது நானில்லை. ஆனாலும் என் வேலைக்காலத்தில் நான் அதிகம் பயந்தது அந்தப் படத்துக்குத்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருகோணமலை நகரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். கிண்ணியாவிலும் மூதூரிலும் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குள் போய்ப் படமெடுக்க ஒரு பெண்தான் வேண்டும் என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் அப்போது அந்த வேலைக்கு நான் ஒருத்திதான். ஆகவே ஞாயிறு என்றும் பெருநாள் என்றும் எனக்கு இருந்ததில்லை. மணப்பெண்ணைப் பார்த்தும் மாமியாரைப் பார்த்தும் வரிசையில் நிற்கிற வாண்டுகளைப் பார்த்தும் நான் சொன்னது ஒரே சொல்தான்: “அசையாதீங்கோ!” அதைக் கத்திக் கத்தியே என் தொண்டை கரகரத்துப் போனது. இப்போதும் என் குரலைக் கேட்டால் சில வீடுகளில் பெண்கள் தாமாகவே நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தோள்மூட்டு வலி வந்த பிறகுதான் பழைய கமராவைக் கைவிட்டு, பாரம் குறைந்த மிரர்லெஸ் ஒன்றை வாங்கினேன். அதோடு, லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற ஒரு கறுப்புக் கண்ணாடியும் வந்தது. பழைய கமராவில் அந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டு உள்ளே பார்த்தால் அடுப்பில் இருந்து இறக்கிய பானையின் அடியைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். மிரர்லெஸ்ஸில் அப்படியில்லை. கண்ணாடியைப் பார்த்தால் கரி, திரையைப் பார்த்தால் கடல். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் உண்மையாகவே கமராவுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாராவது வெளிச்சம் பிடிக்கிறார்களா என்று.

அதற்குப் பிறகு ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. விடிகிற நேரத்தில் போய் நிற்பேன். கமராவை ஸ்டாண்டில் பூட்டித் திறந்துவிட்டால் நிமிடக்கணக்கில் எனக்கு வேலையே இல்லை. அலை வந்து வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கடைசியில் ஆறிய கஞ்சியின் மேல் படிகிற ஆடை மாதிரி ஒரு கடல் கிடைக்கும். அந்தக் கடல் எங்கேயும் இல்லாத கடல். ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொரு துளி வெளிச்சமும் நம்முடைய கடலில் இருந்து வந்ததுதான். கல்யாண வீட்டுச் சத்தத்திலேயே ஆயுளைக் கழித்த எனக்கு அந்த அமைதி மிகவும் பிடித்திருந்தது.

ஆட்கள் மறைவதை மூதூர் இறங்குதுறையில்தான் கண்டேன். படகு வந்து சனம் இறங்கிக்கொண்டிருந்தது. மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், தலையில் சாமான் சுமந்தவர்கள் என்று துறை நிறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் திறந்து வைத்தேன். படத்தில் ஒருவரும் இல்லை. துறையில் சாத்தி வைத்த ஒரு சைக்கிளும், வாங்கில் படுத்துத் தூங்கிய ஒருவரும் மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தார்கள். அசைகிறவர்கள் எந்த இடத்திலும் போதிய நேரம் நிற்பதில்லை, அதனால் கமரா அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. வேலை செய்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், தூங்கியவர் நிலைத்துவிட்டார் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் போன் வந்தது.

“அக்கா, உங்களுக்கு என்னை நினைவிருக்கோ தெரியேல்ல. இலங்கைத்துறைச் சுமதி. எங்கட கலியாணத்துக்கு நீங்கள்தான் படமெடுத்தனீங்கள்.”

நினைவிருந்தது. மாப்பிள்ளை கடைசிவரை சிரிக்க மறுத்த கல்யாணம். பல்லைக் காட்டுறதுக்கு நான் என்ன சுறாவோ என்று என்னிடமே கேட்டவர். அவர் கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர். இலங்கைத்துறையில் ஒரு துண்டுக் கடற்கரையில் வலை வளைக்கிற உரிமை அவருக்கு இருந்தது. அந்த மாதிரித் துண்டைப் பாடு என்பார்கள். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கிற தொழில் அது.

சுமதி சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதற்கு முந்திய வருடம் மாரிமழைக்கு முன்னால் அவளுடைய கணவர் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். பாட்டைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அவள் மீன்பிடி அலுவலகத்தில் கேட்டிருந்தாள். அதே துண்டுக் கரையில் விடுதி கட்ட ஒரு கம்பனியும் கேட்டிருந்தது. ஒரு சீசன் முழுவதும் வலை வளைக்காமல் கிடந்த பாட்டுக்கு அனுமதி புதுப்பிக்கமாட்டார்கள் என்பது விதி. போன சீசன் அங்கே யாரும் தொழிலே செய்யவில்லை என்று கம்பனி எழுதிக் கொடுத்து, அத்தாட்சியாக ஒரு பெரிய படத்தையும் வைத்திருந்தது. தொழில் நேரமான காலையில் எடுத்த படம். அதில் கரை வெறுமையாகக் கிடந்தது.

“வலை இழுக்கிற ஆக்கள் சாட்சி சொன்னால், எல்லாரும் உங்கட ஆக்கள்தானே எண்டு கேக்கினம்” என்றாள் சுமதி. “அந்தப் படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறாங்கள் அக்கா. நீங்கள் வந்து, இது கள்ளப் படம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். உங்கட சொல்லை எடுப்பினம்.”

பிறகு அவளே தொடர்ந்தாள்.

“பாடு போனால் சனத்துக்குச் சோறு போகும். அது ஒரு பக்கம். போன சீசன் தொழிலே நடக்கேல்ல எண்டு எழுதினால், இவர் அந்த வருசம் முழுக்க என்ன செய்தவர் அக்கா? கடைசி வருசம். நெஞ்சு நோகுது நோகுது எண்டுகொண்டு தண்ணிக்குள்ள நிண்ட மனுசன்.”

வாறன் என்று மட்டும் சொன்னேன். அவள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தேன். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டு நெடுநேரம் திறந்து எடுத்த, மிகவும் அழகான படம். கடல் புகையாகிக் கரையில் சாய்ந்திருந்தது. மணல் அப்போதுதான் படைத்துப் போட்ட மாதிரி இருந்தது. நான் எடுத்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் பொறாமைகூடப் பட்டேன். அப்படியொரு கரையில் மனிதர்கள் இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவார்கள், நானே நம்புவேன்.

மூலையில் பெயர் இருந்தது, எடுத்தவரையும் எனக்குத் தெரியும். நம் தொழிலில் இருந்துவிட்டு டோஹாவுக்கு வேலைக்குப் போன தம்பி ஒருவர். பெயர் வேண்டாம். போன் போட்டேன்.

“அந்தப் படம் எடுக்கேக்க கரையில ஆக்கள் நிண்டவையோ?”

“நிண்டவை அக்கா. ஒரு கூட்டமே வலை இழுத்தது. ஆக்கள் இல்லாமல் வந்தால் கனவு மாதிரி இருக்கும் எண்டுதானே கண்ணாடி போட்டனான். விளம்பரத்துக்கு எண்டு சொல்லித்தான் என்னட்ட வாங்கினவை.”

“கண்ணாடி போட முன்னம் சும்மா ஒரு படம் எடுத்தனியோ?”

“எடுத்தனான். மெமரிக் கார்டில இடம் காணாது எண்டு அதுகளை அழிச்சுப்போட்டன்.” பிறகு பயந்த குரலில் கேட்டார்: “என்னைக் கள்ளன் எண்டு சொல்லிப்போடுவீங்களோ அக்கா?”

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். கறுப்புக் கண்ணாடியைப் பூட்டுவதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே ஒரு படம் எடுங்கள். நல்லாயிராது. நல்லாயிராவிட்டால் பரவாயில்லை. எடுத்ததை அழிக்காதீர்கள். கனவுப் படத்துக்குப் பக்கத்தில் அந்த அழகில்லாத படமும் இருக்கட்டும். நான் சொல்லித்தருகிற தொழில்நுட்பம் இது ஒன்றுதான்.

விசாரணைக்கு மீன்பிடி அலுவலர் கரைக்கே வந்து பார்ப்பதாக முடிவாகியிருந்தது. நான் விடியப் புறப்பட்டேன். பஸ் ஜன்னலில் வயலும் களப்பும் மாறி மாறி வந்தன. களப்புத் தண்ணீரில் நின்ற எருமைகளின் மேல் மூடுபனி கிடந்தது. வெளியே எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருக்க, எனக்குள் ஒரே இரைச்சல். மறைக்காமல் சொல்கிறேன், பஸ்ஸில் ஏறும்போது கள்ளப் படம் என்று சொல்லும் யோசனையோடுதான் ஏறினேன். ஒரு சொல்லுத்தானே. கைம்பெண் ஒருத்திக்காக ஒரு சொல்லு.

பாதி வழியில் அந்த யோசனை என்னை விட்டுப் போயிற்று. நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தொழில் மூளைதான் வேலை செய்தது. நான் கள்ளப் படம் என்றால் கம்பனி சும்மா இருக்குமா? டோஹாத் தம்பியிடம் அசல் கோப்பை வாங்கிக் கொழும்பில் யாரிடமாவது காட்டும். அசலேதான் என்று அவர் எழுதிக் கொடுப்பார். அன்றைக்கு என் பொய்யோடு சேர்ந்து சுமதியின் உண்மையும் செத்துப்போகும். அதற்குப் பிறகு அந்தக் கரைச் சனம் வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் எடுபடாது. அப்படியானால் என்ன சொல்வது? தம்பி போனில் சொன்னதைச் சொன்னாலும், அழித்த படத்துக்கு அத்தாட்சி எங்கே என்பார்கள். இறங்குமட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. கமராப் பையை மட்டும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கரையில் ஏற்கனவே வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். விசாரணை என்று கடல் காத்திருக்காதே. கயிற்றைக் கரைவலைக்காரர் இழுக்கிற விதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துப் பின்னால் பின்னால் நடப்பார்கள். மேட்டுக்கு வந்த ஆள் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு ஓடிப்போய்ப் பிடிப்பார். கயிறு ஒரே கோட்டில் வந்துகொண்டிருக்க, மனிதர்கள் அதைச் சுற்றி ஓயாமல் சுழல்வார்கள். ஆணும் பெண்ணும் பாட்டும் வசவுமாக ஒரு திருவிழா மாதிரி இருக்கும்.

பனை மரத்தடியில் அலுவலர் நின்றார். யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் இருந்து புதிதாக மாறி வந்தவர். சப்பாத்துக்குள் மணல் போகாமல் கவனமாக நடக்கிறவர், ஆனால் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கிறவர். அவருக்குப் பக்கத்தில் கம்பனி மனேஜர், கையில் அந்தப் பெரிய படம். சுமதி என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். கை உப்பும் ஈரமுமாக இருந்தது.

அலுவலர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

“நீங்கள் கனகாலம் படமெடுத்த ஆள் எண்டு சொன்னவை. இந்தப் படம் உண்மையானதோ, இல்லாட்டி கொம்பியூட்டரில செய்ததோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“உண்மையான படம் சேர்” என்றேன். “ஒரு குறையும் இல்லை.”

சுமதி என் கையை விட்டாள். “அக்கா!” என்றாள். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மனேஜர் மிகவும் மரியாதையாக, “தேங்க் யூ மெடம்” என்றார். அந்த நன்றி எனக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

“படம் உண்மை சேர். ஆனால் அது சொல்லுற கதை உண்மையில்லை” என்று அவசரமாகச் சொன்னேன். “கமராவைக் கனநேரம் திறந்து வச்சால் அசையிற ஆக்கள் படத்தில விழமாட்டினம். இதில சனம் நிண்டிருக்கு. மணலைப் பாருங்கோ, எவ்வளவு உழக்கிக் கிடக்கு.”

“மாடு நடந்தாலும் மணல் அப்படித்தான் கிடக்கும்” என்றார் மனேஜர்.

“அப்ப நான் இப்ப எடுத்துக் காட்டுறன்.”

அலுவலர் தலையசைத்தார். கமராவை ஸ்டாண்டில் பூட்டினேன், கண்ணாடியை மாட்டினேன், பனை மரமும் கயிறும் சனமும் எல்லாம் அடங்குகிற மாதிரி வைத்தேன். “படம் எடுக்கப்போறன்!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவினேன்.

அங்கேதான் கெட்டது. என் குரலைக் கேட்டதும் கரை முழுவதும் அப்படியே நின்றது. கயிற்றைப் பிடித்தபடி எல்லோரும் என் பக்கம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, பெண்கள் தலைமயிரை ஒதுக்கி, கல்யாண வரிசை மாதிரி நின்றார்கள். ஓர் இமை அசையவில்லை. சுமதி கல்யாணத்தில் நான் அடக்கி நிறுத்திய அதே சனம்தானே. “இழுங்கோ, இழுங்கோ!” என்று கத்துகிறேன், ஒருவரும் அசையவில்லை. அக்கா நம்மைச் சோதிக்கிறா என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

படம் முடிந்தது. திரையில் எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் மூக்கின் வியர்வைகூடத் தெரிந்தது.

மனேஜர் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “எல்லாரும் விழுந்திருக்கிறாங்களே மெடம். அப்போ என் படத்தில ஆட்கள் இருந்திருந்தா அவங்களும் விழுந்திருப்பாங்கதானே?”

அலுவலர் ஜீப் நின்ற பக்கம் பார்த்தார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மூளையில் எந்த அனுபவமும் வந்து நிற்கவில்லை. காப்பாற்றியது சுமதிதான், அதுவும் என் மேல் இருந்த கோபத்தால்.

சனம் எனக்காக அசையாமல் நின்ற நேரத்தில் கயிறு தளர்ந்து, நீரோட்டம் வலையை இழுக்கத் தொடங்கியிருந்தது. அவள் சீலையை இடுப்பில் சொருகிக்கொண்டு பாய்ந்தாள்.

“வலை போகுது! ஆரிண்ட முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? படம் எடுக்கிறவை எடுக்கட்டும். எங்களுக்கு அவவிண்ட படம் வேண்டாம். இழுங்கோடா!”

கரை மறுபடி புரண்டு எழுந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கணத்தில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. அலுவலரிடம் சொன்னேன்:

“சேர், நீங்களும் போய்க் கயிற்றைப் பிடியுங்கோ.”

“நானோ?”

“நான் சொல்லுறதை நீங்கள் நம்பத் தேவையில்லை. உங்களை நீங்கள் நம்புவீங்கள்தானே?”

அவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினார். “சேர், பின்னுக்கு நடக்கவேணும்! விழுந்திடுவீங்கள்!” என்று யாரோ சிரித்தார்கள். நான் கமராவைத் திறந்தேன்.

அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கமாட்டேன். என் கமராவில் படம் ஊறி ஊறி வருவதைத் திரையிலேயே பார்க்கலாம். ஒரு கண் திரையில், ஒரு கண் கரையில். கரையில் சனம் மூச்சு வாங்கியது, கெட்ட வார்த்தை பேசியது, அலுவலரின் வெள்ளைச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. திரையில் அவர்கள் முதலில் நிழலாக இருந்தார்கள். பிறகு நிழலின் நிழலானார்கள். அலை ஒவ்வொன்றாக அடங்கிப் புகையாயிற்று. சுமதி தண்ணீருக்குள் மார்பு முட்ட நின்று இழுக்கிறாள், அவளுடைய குரல் எனக்குக் கேட்கிறது, திரையில் அவள் நின்ற இடத்தில் வெறும் வெளிச்சம். நான் காதலித்த அந்த அமைதி இப்படித்தான் உண்டாகிறது என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன். அழகாகத்தான் இருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது.

அலுவலர் இரைக்க இரைக்க வந்தார். இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன. திரையைப் பார்த்தார். வெறும் கரை. பனை மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனேஜர் மட்டும் அச்சுப் பிசகாமல் விழுந்திருந்தார்.

“நான் எங்க?” என்றார் அலுவலர்.

அவர் படத்தைப் பெருப்பித்து அங்குலம் அங்குலமாகத் தேடினார். தன்னைக் காணவில்லை. ஆனால் ஒன்றைக் கண்டார். கடலில் இருந்து ஒரு மெல்லிய பச்சைக் கோடு ஏறி, மணலுக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் வந்துகொண்டிருந்தது. கயிறு. அது தன் கோட்டிலேயே ஓடிவந்ததால் மறையவில்லை. பிடித்த கைகள்தான் மறைந்துவிட்டன.

அவர் சட்டென்று திரும்பி மனேஜரின் கையில் இருந்த பெரிய படத்தை வாங்கினார். வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தார். அதிலும் இருந்தது. போனில் பார்த்தபோது எனக்கே தெரியாமல் போன கோடு. பெரிய படத்தில் ஏதோ கீறல் என்று எல்லோரும் நினைத்திருந்த கோடு. நுரையில் இருந்து புறப்பட்டு மணலுக்கு மேலே அந்தரத்தில் வந்து, எதிலும் கட்டப்படாமல் முடிந்தது.

“கயிறு தானாக நிக்காது” என்றார் அலுவலர்.

அதற்குள் மடி கரையேறிவிட்டது. வலையின் அடிப் பையான அந்த மடிக்குள் மீன் துடிக்கிற சத்தத்தையும் விட்டுவிட்டுச் சனம் என் கமராவைச் சுற்றிக்கொண்டது. அலுவலர் அவர்களிடம் கேட்டார், ஆரார் எங்க நிண்டதெண்டு காட்டுங்கோ என்று. ஒரு பெண் வெறும் மணலில் விரலை வைத்து, “இதில நான்” என்றாள். “அவளுக்குப் பக்கத்தில நான்” என்றார் அவள் கணவர். “நான் தண்ணி ஓரத்தில” என்றார் இன்னொருவர். ஒரு விரலும் தவறான இடத்தில் விழவில்லை என்று நினைக்கிறேன். ஒருவர் காட்டிய இடத்தை அடுத்தவர் விட்டுவிட்டுத் தன் இடத்தைக் காட்டினார். கடைசியாக அலுவலரே குனிந்து, பனைக்கும் கடலுக்கும் நடுவில் ஒன்றுமில்லாத ஓர் இடத்தைத் தொட்டார்.

“இது நான்” என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

சுமதி என் படத்தைப் பார்க்க வரவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கம்பனியின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். சீலையில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. அலுவலர் பக்கத்தில் போய்க் கேட்டார், “நீங்கள் போன சீசனில எந்த இடத்தில நிண்டனீங்கள்?”

“போன சீசனில நான் வீட்டில சேர். அப்ப எனக்கென்ன தெரியும் கயிறு பிடிக்க.”

அவள் ஈர விரலைக் கயிறு கடலுக்குள் போகிற இடத்துக்குக் கொண்டுபோனாள். நுரை மட்டும் இருந்த இடம். படத்தில் தண்ணீர் பட்டுவிடும் என்று தொடாமல், சற்று விலக்கியே பிடித்திருந்தாள்.

“முன் கயிறு எப்பவும் இவர்தான். வேற ஒருத்தருக்கும் விடமாட்டார். நெஞ்சு நோகுது, பின்னுக்கு வாங்கோ எண்டால் கேக்கமாட்டார்.” அவள் விரலை எடுக்கவில்லை. “இதில நிக்கிறார் சேர்.”

அலுவலர் அந்த நுரையைக் குனிந்து பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார். பிறகு, “ஓம், நிக்கிறார்” என்றார்.

பாடு அவளுடைய பெயருக்கு வந்தது. டோஹாத் தம்பி தான் எடுத்த அந்தப் படத்தை இன்னும் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, லீவில் வந்தபோது தானே கொண்டுபோய்க் கொடுத்தார். போன சித்திரையில் நான் போயிருந்தேன். முன் விறாந்தையில் மாட்டியிருந்தாள். கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மீன் வியாபாரி ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதென்ன தங்கச்சி, ஒண்டுமில்லாத வெறுங்கடலைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாய்?” என்று கேட்டார்.

“வடிவாப் பாருங்கோ அண்ணை” என்றாள் சுமதி. “இவர் வலை இழுக்கிற படம்.”